அடைக்கலத்தின் நாற்பதாம் நாள்

அத்தியாயம் 11

காலை மணி அடித்து ஓய்வதற்குள் ஆல்டித் மூன்று முறை அழுது, மூன்று முறை கண்ணைத் துடைத்துக்கொண்டுவிட்டாள்.

மடியில் சாக்குத்துணி அங்கி. மகனுக்காக அவளே தைத்தது. கடைசித் தையலின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"கழுத்துல உறுத்தாம இருக்க உள்ளே பழைய துணி வெச்சுத் தைச்சிருக்கேன்" என்றாள். "பிரிஸ்டல் துறைமுகம் வரைக்கும் நடக்கணுமே புள்ள. அதுவும் வெறுங்காலோட, இந்தப் பனியில."

"அவன் எங்கேயும் நடக்கப் போறதில்லம்மா." துருத்தியை அழுத்திக்கொண்டிருந்த ஹாவிஸ் திரும்பாமலே சொன்னாள்.

"பின்னே? தூக்குல தொங்கட்டும்ங்கறியா?"

ஹாவிஸ் துருத்தியை இன்னும் வேகமாக அழுத்தினாள். தம்பியைக் காப்பாற்ற அவளிடம் இன்னும் எந்த ஆதாரமும் அகப்படவில்லை. அதுதான் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

இன்றோடு நாற்பது நாள்.

செஸ்டரில் ராஜா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். கிளவுஸ்டரில் ராணி, புருஷனிடமிருந்து ஒரு வார்த்தை வராதா என்று காத்திருக்கிறாள். நடுவில் ராஜாவின் தம்பி டியூக், அண்ணனின் கிரீடத்தின் மேல் கண்ணாக இருக்கிறார். யாருக்கும் தெரியாமல் ராஜா ராணிக்கு ஒரு கடிதம் எழுதி, நம்பிக்கையான தூதன் ரெய்னரிடம் கொடுத்தனுப்பினார். வழியில் குதிரையின் குளம்பு பிளந்தது. ரெய்னர் எல்ம்பிரிட்ஜில் இறங்கி, ஹாவிஸின் தம்பி, லாடக்காரன் ஆஸ்பெர்ட்டின் பட்டறையைத் தேடி வந்தான்.

மறுநாள் விடியலில் அவன் பாலத்துக்கடியில் பிணமாகக் கிடந்தான். முதுகில், முந்தின ராத்திரி பட்டறையிலிருந்து காணாமல்போன ஆஸ்பெர்ட்டின் குளம்பு சீவும் கத்தி. குதிரையைக் காணோம். கடிதத்தையும் காணோம்.

கோட்டைக் காவல் தலைவர் சர் வாரின் கையில் கயிற்றோடும், பின்னால் பாதி ஊரோடும் பட்டறைக்கு வந்தார். ஆஸ்பெர்ட் பின்பக்கமாக ஓடி, தேவாலயத்துக்குள் நுழைந்து பலிபீடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

அப்படி அடைக்கலம் புகுந்தவனை நாற்பது நாளைக்கு எவனும் தொட முடியாது. அதற்குள் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, இனி இந்த மண்ணை மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து, சாக்கு அங்கியும் மரச்சிலுவையுமாகக் கப்பலேறிப் போய்விட வேண்டும். மறுத்தால் அதற்குப் பிறகு அவனுக்குச் சோறும் கிடையாது, தண்ணீரும் கிடையாது.

அந்தக் கெடு இன்று உச்சிவேளையோடு முடிகிறது.

சர் வாரின் டியூக்கின் ஆள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? முணுமுணுப்பைச் சாட்சியம் என்று எந்த அதிகாரியும் எழுதிக்கொள்வதில்லை.

"ஹாவிஸ், நான் சொல்றதக் கேளு." ஆல்டித் எழுந்து மகளின் தோளைத் தொட்டாள். "நேத்து அவன்கிட்டப் பேசிட்டேன். சத்தியம் பண்றேன்னு தலையாட்டிட்டான். நீ குறுக்கே பூந்து அவன் மனசக் கலைச்சுடாதே. புள்ள பிரான்சுல இருக்கட்டும், எங்கேயோ இருக்கட்டும். மூச்சு விட்டுட்டு இருந்தாப் போதும் எனக்கு."

"கொலைகாரன்னு ஒத்துக்கிட்டா மூச்சு விடணும்?"

"வாயாலதானேடி ஒத்துக்கறான்."

பட்டாணிக் கஞ்சிப் பானையைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, அங்கியைக் கையில் போட்டுக்கொண்டு, அம்மா பனிச்சேற்றில் இறங்கி நடந்தாள். நாற்பது நாளாகக் காலையும் மாலையும் நடக்கிற அதே நடைதான். இன்று கொஞ்சம் தள்ளாடியது.

ஹாவிஸ் உலையைப் பார்த்தபடியே நின்றாள்.

"ஏ லாடக்காரி! தூங்கறியா?"

வாசலில் கோட்டைக் குதிரைக்காரன் பிக்கட். போன மாதம் டியூக்கின் பண்ணையிலிருந்து வேலைக்கு வந்தவன். நல்ல மனசு, நிற்காத வாய். கையில் ஒரு கறுப்புக் குதிரை.

"மத்தியானம் கோட்டை ஆளுங்க மொத்தப் பேரும் குதிரை மேல கோயிலுக்கு வரணுமாம். உன் தம்பிய ஊர் எல்லை வரைக்கும் மரியாதையா வழியனுப்பப் போறாங்க. இவனுக்கு லாடம் ஆடுது. சீக்கிரம் தட்டிக் கொடு."

"கட்டி வை. ஒரு பொம்பள தட்டினா உங்க குதிரை கோவிச்சுக்காதா?"

"போன மாசம் கோவிச்சுக்கிட்டுதான் இருந்துச்சு. தெருவெல்லாம் பனிக்கட்டி ஆனதும் கோவம் போயிடுச்சு."

முதல் வாரம் அவள் பட்டறைக்கு ஒருவரும் வரவில்லைதான். கொலைகாரன் வீட்டு நெருப்பு என்றார்கள். பனி விழுந்து நான்கு குதிரைகள் வழுக்கி விழுந்த பிறகு, அந்த நெருப்பில் செய்த லாடம்தான் நிற்கிறது என்று தெரிந்துகொண்டார்கள்.

ஹாவிஸ் குதிரையின் வலது முன்னங்காலைத் தூக்கித் தன் முழங்காலுக்கு மேல் வைத்துக்கொண்டாள். சேற்றைச் சுரண்டினாள்.

கை நின்றுவிட்டது.

குளம்பில் மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு. அது விரிந்துவிடாமல் பிடிக்க, லாடத்தின் இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு குறுக்குப் பட்டை. பிளவுக்கு இந்தப் பக்கம் மூன்று ஆணி, அந்தப் பக்கம் நாலு. அன்று சாயங்காலம் துருத்தி ஊதியவள் அவள். பட்டையைக் காய்ச்சிக் கொடுத்தவளும் அவள்தான். இப்படி ஒரு லாடம் இந்த வருஷத்தில் இந்தப் பட்டறையிலிருந்து ஒன்றே ஒன்றுதான் போயிருக்கிறது. ரெய்னரின் குதிரைக்கு.

ஆனால் ரெய்னரின் குதிரைக்கு இடது முன்னங்கால் முழங்கால் வரை வெள்ளை. இதற்கோ நான்கு காலும் கரி.

இடது காலைத் தடவினாள். விரல் பிசுபிசுத்தது.

"என்னப்பா இது, கால்ல ஏதோ அப்பியிருக்கு?"

"அதுவா? தோல் வியாதியாம். சர் வாரின் ஒரு மருந்து கொடுத்திருக்காரு. வாரா வாரம் நான்தான் பூசறேன். கையெல்லாம் கறுப்பாயிடுது, போ."

"ஒரு கால்ல மட்டுமா?"

"ஒரே கால்லதான். அதிசயமான வியாதி. நான் வேலையில சேர்ந்த அன்னிக்கே இருந்துச்சு."

"என்னிக்குச் சேர்ந்தே?"

"மார்ட்டின் திருநாள் அன்னிக்குக் காலையில. லாயத்துல முதல்ல என் கையில பிடிச்சுக் கொடுத்ததே இவனைத்தான்."

மார்ட்டின் திருநாள். பாலத்துக்கடியில் பிணம் கிடந்த காலை.

ஹாவிஸ் குதிரையின் காலை மெல்லக் கீழே விட்டாள். குரலை எப்போதும்போல வைத்துக்கொண்டாள்.

"இதுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும் பிக்கட். ஆணி புதுசா அடிக்கணும். குளிர்ல ஏன் நிக்கறே? பக்கத்து மதுக்கடையில போய் ஒரு குவளை ஏல் குடிச்சிட்டு வா. நான் சொன்னேன்னு சொல்லு, கடைக்காரி நல்லதா ஊத்துவா."

அவன் போன பிறகு வெந்நீரையும் சாம்பலையும் துணியில் எடுத்து இடது காலைத் துடைத்தாள். ஒரு விரல் அகலம்தான். கறுப்பு வழிந்து, உள்ளேயிருந்து பால் மாதிரி வெள்ளை எட்டிப் பார்த்தது.

நாற்பது நாளில் முதல்முறையாக ஹாவிஸ் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுப்புக் கரியையும் வாத்துக் கொழுப்பையும் குழைத்து, துடைத்த இடத்தை மறுபடியும் கறுப்பாக்கினாள்.

அவ்வளவு நல்ல குதிரையை விற்கச் சர் வாரினுக்கு மனசு வரவில்லை. ஆசைதான் அந்த மனுஷனைக் காட்டிக்கொடுத்தது.

ஆனால் யாரிடம் சொல்வது? ராஜாவின் மரண விசாரணை அதிகாரி சர் ஹாமோ ஊருக்கு வந்துவிட்டார். சத்தியத்தைக் கேட்டு எழுத வேண்டியவர் அவர்தான். ஹாவிஸ் போய் நின்றால், குற்றவாளியின் அக்கா, அதுவும் பெண்பிள்ளை என்று வாசலிலேயே அனுப்பிவிடுவார். அதற்குள் சர் வாரினுக்குச் செய்தி போய், குதிரை ஆற்றில் மிதக்கும்.

கொலை வழக்கில் ஒரு பெண் வாயெடுத்துப் பேச சட்டம் விட்டுவைத்திருக்கும் இடம் ஒன்றே ஒன்று. செத்தவன் அவள் புருஷனாக இருக்க வேண்டும்.

அப்படி ஒருத்திதான் ஊரில் இருந்தாள். மூன்று வாரமாகக் கோட்டையில், சர் வாரினின் விருந்தாளியாக. ஆஸ்பெர்ட் மேல் புகார் கொடுப்பதற்காகவே வின்செஸ்டரிலிருந்து வந்தவள்.

ரெய்னரின் மனைவி அமிஸ்.

* * *

அமிஸ் தினமும் காலையில் புருஷன் கல்லறைக்கு வருவாள் என்று ஊருக்கே தெரியும். ஹாவிஸ் போனபோது, கோயில் சுவரை ஒட்டிய புது மண்மேட்டுக்கு முன்னால் தனியாக நின்றிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. கோட்டைக் காவலாள் ஒருவன் தூரத்து வாசலில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, ஒரு வார்த்தை."

அமிஸ் திரும்பினாள். கரி படிந்த தோல் ஏப்ரனைப் பார்த்ததும் யாரென்று புரிந்துவிட்டது.

"நீ அவனோட அக்காதானே? என் புருஷன் குழிக்குப் பக்கத்துல நிக்க உனக்கு எவ்வளவு திமிர்!"

"திட்டுங்க. நான் போயிடறேன். ஒரே ஒரு விஷயம் கேட்டுட்டு. உங்க வீட்டுக்காரர் குதிரை பேரென்ன?"

"எதுக்கு?"

"பேரச் சொல்லுங்கம்மா."

"மோரெல்." அமிஸ் மண்மேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "குட்டியிலேர்ந்து நான் வளர்த்தது. அதையும்தான் உன் தம்பி வித்துத் தின்னுட்டானே."

"மோரெல் இப்ப என் பட்டறையில நிக்குது. வெள்ளைக்காலுக்குக் கரி பூசி வெச்சிருக்காங்க. கொண்டு வந்தது கோட்டை ஆளு."

பளாரென்று ஓர் அறை விழுந்தது. ஹாவிஸின் கன்னம் ஒரு பக்கம் எரிந்தது. அவள் கையை ஓங்கவும் இல்லை, நகரவும் இல்லை.

"மூணு வாரமா அவங்க வீட்டுச் சோறு சாப்பிடறேன்" என்றாள் அமிஸ். மூச்சு இரைத்தது. "சர் வாரின் என்னைக் கூடப் பிறந்தவளா நடத்தறாரு. தினம் எனக்காக அழறாரு."

"அழட்டும். நான் சொல்றத நீங்க நம்ப வேணாம். மத்தியானம் கோட்டைக் குதிரைங்க வரிசையா வந்து நிக்கும். புதுசா சேர்ந்த ஆளோட குதிரை, கடைசியில நிக்கும். நீங்களே போய்ப் பாருங்க. உங்க மோரெல் இல்லேன்னா என் தம்பி மேல புகார் கொடுங்க. நானே கயிறு எடுத்துத் தரேன்."

காவலாள் சத்தம் கேட்டு வர ஆரம்பித்தான். ஹாவிஸ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். அமிஸ் நம்பினாளா, நேராகப் போய்ச் சர் வாரினிடம் சொல்லப் போகிறாளா, தெரியவில்லை.

எய்தாகிவிட்டது. இனி அம்பு போகிற இடம்தான்.

* * *

உச்சிவேளைக்குச் சந்தைச் சதுக்கம் நிறைந்துவிட்டது. சமையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர்கள், கூரைமேல் ஏறியவர்கள், அடுத்த ஊரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள். கோட்டைக் குதிரைகள் பதினான்கு, கோயில் படிக்கு எதிரே வரிசையாக நின்றன. முன்னால் சர் வாரின், நரித்தோல் வைத்த மேலங்கியில், மணமகன் மாதிரி. கடைசியில் பிக்கட், கறுப்புக் குதிரை மேல்.

படியின் நடுவில் ஒரு நாற்காலியில் சர் ஹாமோ. ஜலதோஷம் பிடித்த மூக்கு, கட்டுப்போட்ட கால், முகத்தில் சீக்கிரம் முடித்துவிட்டுச் சாப்பிடப் போக வேண்டும் என்ற அவசரம். பக்கத்தில் தோல் சுருளோடு எழுத்தர்.

கோயில் கதவு திறந்தது. ஆஸ்பெர்ட் வாசற்படியில் வந்து நின்றான். ஆறடி ஆள் வற்றலாகியிருந்தான். தாடி மார்பைத் தொட்டது. கூட்டத்தில் இரண்டு பெண்கள் தங்களையறியாமல் உச்சுக் கொட்டினார்கள்.

ஆல்டித் அங்கியை விரித்துப் பிடித்துக்கொண்டு மகன் பக்கத்தில் நின்றாள். "போட்டுக்கோடா ராஜா. சத்தியத்தச் சொல்லிடு. அம்மாவுக்காக."

ஹாவிஸ் கூட்டத்தை இடித்துக்கொண்டு படியேறினாள். ஈட்டிக்காரன் ஒருவன் குறுக்கே கம்பை நீட்டினான். அதற்கு மேல் போக முடியவில்லை.

"டேய் ஆஸ்பெர்ட்!"

"அக்கா."

"சத்தியம் பண்ணாதே."

"ஹாவிஸ்!" அம்மாவின் குரல் கிழிந்தது. "உனக்குப் பைத்தியமாடி? அவனைக் கொல்லப் பாக்கறியே!"

காரணத்தைச் சொல்ல வழியில்லை. இருபதடி தள்ளி சர் வாரின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியின் கண்ணைப் பார்த்து ஹாவிஸ் மெதுவாகச் சொன்னாள்.

"என்னை நம்பறியா?"

ஆஸ்பெர்ட் அம்மாவைப் பார்த்தான். அங்கியைப் பார்த்தான். பிறகு அக்காவை.

"சின்ன வயசுல ஆத்துல இறங்குடான்னு நீ சொன்னே. நான் இறங்கினேன். முழுகிட்டேன்."

"நான்தானே குதிச்சு இழுத்தேன்?"

"ஆமா" என்றான் அவன். தாடிக்குள் ஒரு சிரிப்பு ஓடி மறைந்தது. பிறகு நிமிர்ந்து, நாற்பது நாள் உரக்கப் பேசாத தொண்டையால் சதுக்கம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "பிரபு! நான் யாரையும் கொல்லல. கொன்னேன்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

சொல்லிவிட்டு வாசற்படியைத் தாண்டி வெளியே காலை வைத்தான்.

ஆல்டித் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"முடிஞ்சுது!" சர் வாரின் கையைத் தட்டினார். "பிரபு, இவன் அடைக்கலத்தை விட்டு வந்துட்டான். இவன் மேல புகார் கொடுக்க ரெய்னரோட விதவை காத்துக்கிட்டு இருக்காங்க. அம்மா, வாங்க. குளிர்ல ரொம்ப நேரம் நிக்க வேணாம். பேரச் சொல்லிட்டு உள்ளே போயிடலாம்."

அமிஸ் முன்னால் வந்தாள். முகத்திரை போட்டிருந்தாள். முகத்தில் என்ன இருக்கிறதென்று ஹாவிஸால் படிக்க முடியவில்லை.

"பேச வேண்டியது நீதானா?" சர் ஹாமோ மூக்கைத் துடைத்துக்கொண்டார். "யார் மேல புகார்?"

"சொல்றேன் பிரபு. அதுக்கு முன்னாடி ஒரு குதிரையப் பாக்கணும்."

"குதிரையா?"

"என்னம்மா இது..." என்று தொடங்கினார் சர் வாரின். அமிஸ் அவரைக் கடந்து போய்க்கொண்டிருந்தாள். முதல் குதிரை, இரண்டாவது, ஐந்தாவது. எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பத்தாவதைத் தாண்டும்போதே வரிசையின் கடைசியில் ஒரு தலை உயர்ந்தது. காதுகள் முன்னால் விறைத்தன. பிக்கட் கடிவாளத்தை இழுக்க இழுக்க, கறுப்புக் குதிரை வரிசையை விட்டு வெளியே வந்தது. நேராக வந்து, அவள் கைக்குட்டைக்குள், சட்டைக் கைக்குள், கழுத்துக்குள் எல்லாம் மூக்கை நுழைத்து எதையோ தேடியது.

"மோரெல்" என்றாள் அமிஸ். "ஆப்பிள் இல்லடா கண்ணா. இன்னிக்கு எதுவும் கொண்டாரல."

கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

அவள் பனியில் மண்டியிட்டாள். முகத்திரையை உருவி, பனியை அள்ளி, குதிரையின் இடது முன்னங்காலை அழுத்தித் தேய்த்தாள். மேலும் கீழும், மேலும் கீழும். திரை கறுத்தது. கால் வெளுத்தது. முழங்கால்வரை வெளுத்து, வெயிலில் பளிச்சென்று நின்றது.

"இது என் புருஷன் குதிரை" என்றாள் அமிஸ், எழுந்து. குரல் உடையவே இல்லை. "கோட்டை லாயத்துல கரி பூசி வெச்சிருந்தாங்க. என் புருஷன் ரெய்னரைக் கொன்னதா நான் புகார் கொடுக்கறது சர் வாரின் மேல."

கூட்டம் ஒரே மூச்சாக இரைந்தது.

"அபத்தம்!" சர் வாரின் சிரிக்கப் பார்த்தார். "பிரபு, குதிரை போன வாரம் காட்டுல திரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. என் ஆளுங்க பிடிச்சுட்டு வந்தாங்க. சொல்ல மறந்துட்டேன்."

"போன வாரமா?" பிக்கட் குதிரைமேலிருந்தே வாயைத் திறந்தான். பாவம், எஜமானுக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தான். "இல்லீங்க எஜமான், மறந்துட்டீங்க. மார்ட்டின் திருநாள் காலையிலயே நீங்கதான் என் கையில கொடுத்தீங்க. மருந்தும் நீங்கதானே கொடுத்தீங்க, தோல் வியாதிக்கு?"

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

சர் ஹாமோ சாப்பாட்டை மறந்துவிட்டார். கட்டுப்போட்ட காலோடு எழுந்தே நின்றுவிட்டார். "எழுத்தரே, பிணத்தப் பாத்த அன்னிக்கு இவர் சொன்னதைப் படியும்."

எழுத்தர் சுருளைப் பிரித்தார். "தூதனின் குதிரையைத் தேடி நாலு திசைக்கும் ஆள் அனுப்பினேன். அகப்படவில்லை. கறுப்புக் குதிரை, இடது முன்னங்கால் முழங்கால்வரை வெள்ளை. ஆண்டவன் மேல் ஆணை."

"அன்னிக்குக் காலையில குதிரை உங்க லாயத்துல" என்றார் சர் ஹாமோ. "அன்னிக்கு மத்தியானம் ஆண்டவன் மேல ஆணையா எனக்குப் பொய். வியாதி வந்த குதிரைக்கு மருந்து பூசுவாங்க சர் வாரின். வெள்ளைக்காலை மறைக்கறவன் வேற எதையோ மறைக்கறான். இறங்கி வாரும்."

சர் வாரின் இறங்கவில்லை. குதிரையைத் திருப்பி, வயிற்றில் குதிமுள்ளால் குத்தினார். கூட்டம் அலறி விலகியது. பாலம் வரைக்கும் தெரு காலி. பாலத்தைத் தாண்டிவிட்டால் வேல்ஸ் மலை.

வழியில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். கோயில் படியில் சுருண்டு உட்கார்ந்திருந்தவள் எப்போது எழுந்தாள், எப்போது இறங்கி வந்தாள் என்று யாருமே பார்க்கவில்லை.

"என் புள்ளைக்கா கயிறு கொண்டாந்தே?" என்று கத்தினாள் ஆல்டித். கையிலிருந்த சாக்கு அங்கியை இரண்டு கையாலும் சுழற்றிக் குதிரையின் தலைமேல் வீசினாள்.

கண் மறைந்த குதிரை பின்னங்காலில் எழுந்தது. சர் வாரின், நரித்தோல் அங்கியோடும் வாளோடும், சந்தைச் சேற்றில் மல்லாக்க விழுந்தார். கசாப்புக்காரன் தர்ஸ்டன் அவர் மார்பின் மேல் உட்கார்ந்தான். நாற்பது நாளைக்கு முன்னால் ஆஸ்பெர்ட்டைத் துரத்திய கூட்டத்தில் முதல் ஆளாக ஓடியவன் இவன்தான். இன்றைக்கும் முதல் ஆள்.

கட்டி இழுத்துப் போகும்போது சர் வாரின் திமிறிக்கொண்டு கூவினார். "நாளைக்கு டியூக் இங்கே இருப்பாரு! அப்ப தெரியும்டா உங்களுக்கு!"

ஒருவரும் காதில் வாங்கவில்லை. ஆஸ்பெர்ட்டுக்கு ஜாமீன் நிற்கப் பன்னிரண்டு பேர் வேண்டும் என்றார் சர் ஹாமோ. முப்பது பேர் முண்டியடித்தார்கள். கோயில் மணியை யாரோ அடிக்க ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. ஆல்டித் மகனின் தாடியைப் பிடித்துக்கொண்டு, "இத முதல்ல எடு, இத முதல்ல எடு" என்று அழுதாள். ஹாவிஸை யாரோ தோளில் தூக்கினார்கள். அங்கிருந்து பார்த்தபோது ஊர் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு சிரித்தது. அவளும் சிரித்தாள். கன்னம் இன்னும் எரிந்தது.

மோரெல் வழக்கில் சாட்சிப்பொருள் என்றாலும், இன்றைக்குக் கடிவாளம் விதவையின் கையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு சர் ஹாமோ சாப்பிடப் போனார்.

* * *

பொழுது சாய்வதற்கு முன்னால் அமிஸ் பட்டறை வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"உள்ளே வாங்க" என்றாள் ஹாவிஸ்.

"அறைஞ்ச கை. எப்படி உள்ளே வர்றது?"

"நல்ல கை. கொஞ்சம் பழக்கினா சம்மட்டி பிடிக்கலாம்."

அமிஸ் சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். ஆல்டித் அவளை இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, உப்பு மீனும் ரொட்டியும் முன்னால் தள்ளினாள். நாற்பது நாளாக இரண்டு தட்டே இருந்த மேஜையில் இன்று நாலு.

ஆஸ்பெர்ட் மட்டும் சாப்பிடவில்லை. எழுந்து போய்க் கதவைத் தாழிட்டான். ஜன்னல் பலகையையும் சாத்தினான்.

"என்னடா?" என்றாள் ஹாவிஸ்.

அவன் சட்டைக்குள் கையை விட்டு, மார்போடு கட்டியிருந்த ஒரு தோல் பையை அவிழ்த்து மேஜைமேல் வைத்தான்.

அமிஸின் கையிலிருந்த ரொட்டி விழுந்தது. "இந்தப் பை... இத நான்தான் தைச்சேன். என் புருஷனுக்கு."

"லாடம் அடிச்சு முடிச்சதும் என் கையில கொடுத்தாரும்மா. பாலத்துக்கிட்ட ரெண்டு பேர் நிக்கறாங்க, எனக்குச் சரியாப் படல, காலையில வந்து வாங்கிக்கறேன்னாரு. வராம போயிட்டா ராணி கையில மட்டும் கொடு, வேற யார் கையிலயும் கொடுக்காதேன்னாரு."

பைக்குள் ஒரு கடிதம். சிவப்பு அரக்கு. ராஜாவின் முத்திரை உடையாமல் இருந்தது.

"நாற்பது நாளா?" ஆல்டித் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "எங்ககிட்டகூடச் சொல்லலியேடா!"

"சொல்லியிருந்தா நீ தூங்கியிருக்க மாட்டேம்மா. சத்தியம் பண்ணிட்டுக் கிளம்பியிருந்தா, அங்கி மாத்தறப்பவே உடம்பெல்லாம் தடவிப் பாத்திருப்பாங்க. நேத்து உனக்காகத் தலையாட்டினேனே தவிர, என்ன பண்றதுன்னே எனக்குத் தெரியல."

சர் வாரின் எதற்காகக் கொன்றார், எது கிடைக்காமல் நாற்பது நாள் கோயில் வாசலில் காவல் போட்டார் என்பது இப்போது நால்வருக்கும் புரிந்தது.

"டியூக் நாளைக்கு வர்றாரு" என்றான் ஆஸ்பெர்ட். "வீடு வீடாப் பிரிச்சுப் போட்டுத் தேடுவாரு. நான் ஜாமீன்ல இருக்கேன். ஊர் எல்லையத் தாண்ட முடியாது."

"நான் தாண்டலாமே" என்றாள் ஹாவிஸ்.

"நானும்" என்றாள் அமிஸ். "என் புருஷன் பாதியில விட்ட வேலை. எனக்குன்னு ஒரு குதிரை இருக்கு. மோரெல்ல நீ ஏறிக்கோ. லாடம் அடிச்சவதானே."

எல்லோரும் ஆல்டித்தைப் பார்த்தார்கள். பிள்ளைகள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று காலையில் சொன்னவள். அவள் கடிதத்தின் அரக்கை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து, முழு ரொட்டியையும் எடுத்துத் துணியில் கட்ட ஆரம்பித்தாள்.

"கிளவுஸ்டருக்கு ரெண்டு நாளாகும்" என்றாள். "வெளிச்சம் இருக்கறப்பவே பாலத்தத் தாண்டுங்க. ராணியப் பாக்கறப்ப முகத்துல கரி இல்லாம போ ஹாவிஸ்."

பாலத்துக் காவல்காரன் இரண்டு குதிரைகளையும் பார்த்து, வழியில் குறுக்கே போட்டிருந்த கட்டையைத் தூக்காமல் நின்றான். மத்தியானம் சதுக்கத்தில் தொண்டை கிழியக் கத்தியதில் அவன் குரல் கட்டிப்போயிருந்தது.

"இந்நேரத்துல எங்கே, லாடக்காரம்மா?" நேற்றுவரை அவனுக்கு அவள் 'லாடக்காரி'.

"புதுசா ஆணி அடிச்சிருக்கேன். நிக்குதான்னு ஓட்டிப் பாக்கப் போறேன்."

"எதுவரைக்கும்?"

"ஆணி நிக்கற வரைக்கும்."

அவன் சிரித்துக்கொண்டே கட்டையைத் தூக்கினான். பாலத்துப் பலகைகள் எட்டுக் குளம்புகளுக்கு அடியில் அதிர்ந்தன. அக்கரை மண்ணை மிதித்த கணத்தில், பின்னால், ஊரின் வடக்கு வாசலிலிருந்து, கொம்பு ஊதும் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, மூன்று கொம்புகள். நாளைக்கு வர வேண்டிய டியூக் இன்றைக்கே வந்துவிட்டார்.

அமிஸ் சேணத்தில் திரும்பினாள்.

"திரும்பாதீங்க" என்றாள் ஹாவிஸ், குதிரையின் கழுத்தோடு குனிந்து. "மோரெல், ஓடு!"